சாளைச் சுவரில் ஒரு சருகு

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு நண்பர் கூடை நிறைய ஆரஞ்சு கொடுத்தனுப்பியிருந்தார். கூடையைப் பிரித்து வைக்கோலை விலக்கியதும் வீடு முழுக்க ஒரே வாசனை. குழந்தைகள் பழத்தில் கை வைத்தார்கள். நான் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தேன். பழத்தோடு என்னென்ன வந்திருக்கிறது என்று பார்க்காமல் எனக்குப் பழம் இறங்காது. என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். இருக்கலாம்.

அன்று ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், ரேடியோப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது. "தரையைக் கூட்டறது போதாதுன்னு இனிமே சுவத்தையும் கூட்டணுமா?" என்று சொல்லிக்கொண்டே அவள் துடைப்பத்தை ஓங்கினாள். நான் போட்ட கூச்சலில் துடைப்பம் அப்படியே நின்றது.

"அடிக்காதே! பழைய சிநேகிதம்!"

"யாரு? இந்தச் சருகா?"

சருகு ஓர் அங்குலம் நகர்ந்தது. அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நாற்காலி போட்டு ஏறி அதன் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். ஆபீசுக்கு அன்று நேரமாகிவிட்டது. வைக்கோல், ஆரஞ்சு, அசையாத ஒரு சருகு: இந்த மூன்றும் ஒரே அறையில் சேர்ந்தால் நான் ஆபீசில் இருப்பதில்லை, திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு சாளையில் இருக்கிறேன். உங்களையும் அங்கே கூட்டிப்போகிறேன், வாருங்கள்.

யுத்தம் வருவதற்கு முந்திய காலம். சேலத்தில் குகை என்கிற நெசவாளர் பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, இண்டர்மீடியட்டில் விலங்கியல் படித்து, வாத்தியார் பயிற்சியையும் முடித்த கையோடு, அந்த ஊர் ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மீசை சரியாக முளைக்கவில்லை. ஆனால் பையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. உலகத்தில் இதுவரை யாரும் கண்டுபிடிக்காததை இந்த ஊரில் நான் கண்டுபிடிக்கப் போகிறேன் என்ற நம்பிக்கையும் இருந்தது. கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

தங்குவதற்கு இடம் இல்லை. செங்கோடக் கவுண்டர் என்ற தோட்டக்காரர் தம்முடைய சாளையைக் கொடுத்தார். வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், தோட்டத்துக்குள்ளேயே, விளைந்ததைப் போட்டுவைக்க மண்சுவர் எழுப்பிப் பனையோலை வேய்ந்த கட்டடம். அந்தப் பக்கத்தில் அதைத்தான் சாளை என்பார்கள். பாதி எனக்கு. மறுபாதி சாத்துக்குடிக்கு. கவுண்டர் எங்கிருந்தோ கன்று கொண்டுவந்து வைத்து, கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரங்கள் அப்போதுதான் நன்றாகக் காய்க்கத் தொடங்கியிருந்தன. பறித்த பழத்தை வைக்கோல் பரப்பிச் சாளையில் போட்டுவைப்பார்கள். அந்த வாசனையில் படுத்து, அந்த வாசனையில் எழுந்து, அதே வாசனையோடு பள்ளிக்கூடம் போவேன். பையன்கள் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். என் பாடம் நடத்தும் திறமைக்காக என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

காலையில் பழம் பொறுக்க வருவது கவுண்டரின் மனைவி பாவாயம்மாள். முப்பது வயதிருக்கும். சணல் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பழத்தையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் சாறு ஒரு முத்தாகத் துளிர்த்து நிற்கும். அந்தப் பழம் சந்தைக்கு ஆகாது, இரண்டு நாளில் அழுகிவிடும். அந்த வருஷம் அப்படிப்பட்ட பழங்கள்தான் கூடைக்கு மேல் கூடையாக விழுந்துகொண்டிருந்தன. ஊசியால் குத்தியது போல ஒரு துளை, துளையைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம், பிறகு காம்பு கழன்று பழம் தரையில்.

யார் குத்துகிறார்கள் என்பதில் செங்கோடக் கவுண்டருக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய மச்சான்.

மச்சான் நல்லமுத்து, பாவாயம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். பக்கத்துத் தோட்டம் அவருடையது. நடுவில் ஒரு கிளுவை வேலி, அவ்வளவுதான். இரண்டு தோட்டத்துக்கும் பொதுக் கிணறு, முறை வைத்து இறைப்பார்கள். அந்தக் கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டது. முறை தப்பியது என்று இவர் சொல்ல, இல்லை என்று அவர் சொல்ல, கிணற்று மேட்டில் பேச்சு முற்றியபோது நல்லமுத்து ஒரு வார்த்தை விட்டுவிட்டார்: "இந்த வருசம் உங்க பழம் எப்படிச் சந்தைக்குப் போகுதுன்னு நானும் பாக்கறனுங்க மாப்பிள்ளை!" கொங்குநாட்டில் மிரட்டலுக்கும் 'ங்க' உண்டு என்பதைக் கவனியுங்கள். எங்கள் குகையில் இதைவிடச் சின்னக் கோபத்துக்கே மரியாதை முதலில் பறந்துவிடும்.

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் பழத்தில் துளை விழத் தொடங்கியது. போதாக்குறைக்கு நல்லமுத்துவின் இறைவை முறை ராத்திரியில். ஆகவே அவர் அந்தப் பக்கம் நடமாடுவதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கவுண்டர் மரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, ஹரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காவல் இருந்தார். ஆள் யாரும் வரவில்லை. பழம் மட்டும் விழுந்தது. "நான் கண்ணசர்ற நேரம் பாத்து வந்துடறானுங்க" என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஊர் நடுவில், பத்துப் பேருக்கு முன்னால், கேட்டும்விட்டார்: "மச்சான் நெசமாலுமே குத்தலைன்னா வெள்ளிக்கெழம கருப்பணாரு கோயல்ல சூடம் அணைச்சுச் சொல்லட்டுமுங்க." நல்லமுத்துவும் "சொல்றனுங்க" என்றுவிட்டார்.

சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, "நானும் செய்யலை, எனக்குச் சேர்ந்த ஆளு, அம்பு, ஆடு, மாடு எதுவும் செய்யலை" என்று சொல்லி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. பட்டணத்துக்காரனான நான் முதலில் இதை ரொம்ப வசதியான ஏற்பாடு என்று நினைத்தேன். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, ஒரு சூடத்தில் தீர்ந்தது! சத்தியத்துக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. பாவாயம்மாள்தான் சொன்னார். சத்தியம் மெய்யோ பொய்யோ, கேட்டவரும் செய்தவரும் அதோடு சரி. அவர் வீட்டுப் பச்சைத் தண்ணீர் இவருக்கு ஆகாது, இவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர் வரக்கூடாது. பிள்ளைகள் காலத்துக்கும் அப்படித்தான்.

"பழமெல்லாம் ஒரு சாக்குங்க சாமி," என்றார், கையில் இருந்த பழத்தை அழுத்திக்கொண்டே. "ஆம்பளைங்க ரெண்டு பேரும் சூடத்தை அணைச்சுப்போட்டு அவங்கவங்க ஊட்டுக்கு வந்து சோறு திம்பாங்க. நான் எங்கீங்க போவேன்? பொறந்த ஊடு வேலிக்கு அந்தப்பக்கம், வாக்கப்பட்ட ஊடு இந்தப்பக்கம். நான் வேலி மேலயா குடியிருக்கறது?"

பழத்திலிருந்து சாறு துளிர்த்தது. அதைத் தூக்கி மூலையில் எறிந்தார்.

"ஆவணியில புள்ளைக்குக் காது குத்தோணும். தாய்மாமன் மடி இல்லாம எப்படிங்க குத்தறது? மடி எங்கயாச்சும் சந்தையில விக்கறாங்களா?"

எதுவும் சொல்லத் தெரியாதபோது நான் என் பாட்டில்களைப் பார்ப்பேன். அந்தப் பாட்டில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய பழைய மிட்டாய்ப் பாட்டில்கள், வரிசையாகச் சுவர் மாடத்தில். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையை அங்கே இட்டேரி என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் இட்டேரியில் வேலியைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்துதான் வீட்டுக்கு வருவேன். எதிரே வருகிற வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தி வழிவிடுவார்கள், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று.

அப்படி வருகையில் ஒருநாள் கிளுவைமேல் படர்ந்திருந்த சீந்தில் கொடியில் ஒரு புழுவைப் பிடித்தேன். கறுப்பு வெல்வெட் உடம்பு, பக்கத்துக்கு இரண்டிரண்டாக வட்டக் கண்கள், வாலைத் தூக்கிக்கொண்டு சண்டியர் மாதிரி நின்றது. நிஜக் கண்கள் அல்ல, பறவைகளை மிரட்டுவதற்கான வேஷம். பாட்டிலில் போட்டுச் சீந்தில் இலையாகக் கொடுத்தேன். ராட்சசத் தீனி தின்றது. பிறகு திடீரென்று தின்பதை நிறுத்தி, ஓர் இலையைத் தன்மேல் இழுத்து மூடி, உள்ளேயிருந்து நூல் விட்டுத் தைத்துக்கொண்டது.

நூல்! நெசவாளி வீட்டுப் பிள்ளையிடம் இப்படி ஒன்றைக் காட்டக்கூடாது. அப்பாவோடு கொள்ளேகாலத்துக்குப் பட்டு நூல் எடுக்கப் போன சமயத்தில் அங்கே பட்டுப்புழு கூடு கட்டும் தட்டுகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். முசுக்கொட்டை இலை இல்லாமல் வேலிக்கொடியைத் தின்று பட்டு நூற்கிற புழு! சேலத்துத் தறியெல்லாம் என் பெயரைச் சொல்லப் போகிறது! இதை யாரிடமும் சொல்லவில்லை. பாட்டில் வாயைத் துணியால் கட்டி, காத்திருந்தேன்.

சத்தியம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலையில் கண் விழித்ததும் எதிர்ச்சுவரில் சருகைப் பார்த்தேன்.

நடுநரம்பு, கிளைநரம்பு, ஓரத்தில் லேசாகக் காய்ந்து சுருண்ட பச்சைப் பழுப்பு, பூஞ்சைக்காளான் பிடித்தது போல ஒரு திட்டு. எல்லாம் கச்சிதம். என்னைத் தொந்தரவு செய்தது ஒரே ஒரு விஷயம்: காம்பு மேலே இருக்க, செங்குத்தான சுவரில் இது எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது? பென்சிலால் தொட்டேன். சருகு நடந்தது. இன்னும் ஒருமுறை தொட்டேன். முன்சிறகுகள் விரிந்தன. உள்ளே, நான் என்னத்தைச் சொல்வேன், மாம்பழ மஞ்சள் உடலுக்குக் கறுப்புக் கரை போட்டு நடுவில் ஒரு கறுப்புப் புட்டா வைத்த புதுச்சேலை! கிழிசல் சால்வைக்கு அடியில் கல்யாணப் பட்டை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! உடனே மூடிக்கொண்டது. மறுபடி சருகு.

பாட்டிலைப் பார்த்தேன். துணி நெகிழ்ந்திருந்தது. தைத்த இலை கிழிந்து, உள்ளே வெற்றுக்கூடு மட்டும். என் பட்டுப்பூச்சி!

பாவாயம்மாள் அப்போதுதான் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். நான் மேல்துண்டுகூட இல்லாமல் குதித்தேன். "பாவாயம்மா, பட்டு! பட்டு!"

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுலீங்களா சீலை நெய்வீங்க? முந்தானைக்குக்கூட ஆகாதாட்ட இருக்குதுங்களே."

நான் விடவில்லை. புதிதாக வேலைக்கு வந்த வாத்தியார், கேட்க ஓர் ஆள் வேறு அகப்பட்டிருக்கிறார். பட்டுப்பூச்சியின் வாழ்க்கையை முதலிலிருந்து நடத்தினேன். "இது சாப்பிடாது, தெரியுமா? புழுவாக இருக்கும்போது தின்றதோடு சரி. பட்டுப்பூச்சிக்கு வாயே கிடையாது. முட்டையிடும், போய்ச் சேரும். வாயில்லாப் பூச்சி! இங்கே பாருங்கள், நான் காட்டுகிறேன்" என்று பூதக்கண்ணாடியை எடுத்து, இல்லாத வாயைக் காட்டுவதற்காக முகத்தருகே பிடித்தேன்.

வாய் இருந்தது.

கடிகாரச் சுருள் மாதிரிச் சுருட்டி வைத்த ஒரு குழல். ஊசிமுனையால் மெதுவாக நீட்டிப் பார்த்தேன். வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பது போலப் பூந்தேன் உறிஞ்சுகிற மெல்லிசுக் குழல் அல்ல. தடித்தது, கறுத்தது, நுனி கூர்மையாக. நுனியைச் சுற்றி அரம்போலப் பற்கள். என் பட்டுக்கம்பெனி அந்த நிமிஷமே திவாலானது. துக்கப்படக்கூட நேரமில்லை. ஏனென்றால் என் தலை ஒரு கேள்வியிலிருந்து அடுத்ததற்குத் தானாக ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை கெட்டியான ஊசி எதற்கு? பூவுக்கு வேண்டாம். தோல் உள்ளதைத் துளைக்க. தோலுக்கு அடியில் சாறு உள்ளதை.

திரும்பிப் பார்த்தேன். பாவாயம்மாளின் கையில் ஒரு பழம், அதன் மேல் ஒரு முத்துச் சாறு.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். நேரே கவுண்டரிடம் ஓடத்தான் எனக்கும் தோன்றியது. பாவாயம்மாள்தான் தடுத்தார். "நீங்க போயிச் சொல்லாதீங்க சாமி. வாத்தியாருக்குப் பூச்சிக் கிறுக்குன்னு ஊரே சொல்லுதுங்க. எங்க அண்ணன் உங்களுக்குக் காப்பி வாங்கிக் குடுத்துச் சொல்லச் சொன்னாருன்னு ஆயிரும். எங்க ஊட்டுக்காரரே கையால பழம் பறிக்கோணும், அவரே மூடி வைக்கோணும். நம்ம கை படவே கூடாதுங்க."

அன்று பொழுதோடு செங்கோடக் கவுண்டர் வீட்டு ஆசாரத்தில், அதாவது நடுக்கூடத்தில், கோழி கவிழ்க்கிற கொடாப்புக் கூடை ஒன்று வைக்கப்பட்டது. கவுண்டர் கோயிலுக்குப் பறிப்பது போலத் தேடி ஒரு பழத்தைப் பறித்து வந்தார். அழுத்திப் பார்த்தார். துளை இல்லை. பழத்தையும் பூச்சியையும் கூடைக்குள் விட்டு, மேலே மல்துணி போர்த்தி, தம் கையாலேயே கயிறு கட்டினார். கூடைக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தும் கொண்டார். எல்லாம் செய்தபிறகு என்னைப் பார்த்து, "ஏனுங் வாத்தியாரே, இது குத்தலைன்னா வெள்ளிக்கெழம நீங்களும் கோயலுக்கு வந்து பக்கத்துல நில்லுங்க" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால் விளையாட்டா நிஜமா என்று தெரியாமல் நான் சாளைக்கு வந்து சேர்ந்தேன்.

விடிந்ததும் போனேன். பாவாயம்மாள் ஆள் அனுப்பி அண்ணனையும் வரவழைத்திருந்தார். நல்லமுத்து உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கவுண்டர் கயிற்றை அவிழ்த்தார். பூச்சி கூடையின் உள்பக்கம் சருகாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பழம் போட்ட இடத்தில் போட்டபடி, பளபளவென்று. கவுண்டர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழம் பழமாட்டந்தான இருக்குது."

வாசலிலிருந்து குரல் வந்தது. "வாத்தியாருங்க, உங்க பூச்சிக்கு இன்னைக்கு விரதமுங்களா?" அவருடைய வழக்கு கெட்டுப்போகிறது, அதில் அவருக்குக் கேலி வேறு! நேற்றுத்தான் கூட்டைவிட்டு வந்தது, சிறகு காய வேண்டாமா, பயந்திருக்கும் என்று உளறத் தொடங்கினேன்.

பாவாயம்மாள் கணவர் கையிலிருந்து பழத்தை வாங்கினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தார். அழுத்தினார். காம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு முத்து துளிர்த்து நின்றது.

அதைக் கவுண்டர் முகத்துக்கு நேரே நீட்டினார். கவுண்டர் கட்டைவிரலால் துடைத்துவிட்டுத் தாமே அழுத்தினார். மறுபடி ஒரு முத்து. மறுபடி துடைத்தார். நான் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். பூச்சியின் சுருளை ஊசியால் நீட்டிக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "விளக்கு வெச்சுக் காவல் இருந்தனேங்க," என்றார் கடைசியில், யாரிடம் என்றில்லாமல். "கட்டல்மேல இந்தச் சருவு எத்தனையோ உளுந்துச்சு. தட்டித் தட்டி உட்டுப்போட்டு ஆளு வருதான்னு பாத்துட்டிருந்தேன்."

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

"இப்பத் தெரிஞ்சுதுங்களா மாப்பிள்ளை?" நல்லமுத்துவின் குரல் மாறியிருந்தது. "ஆனா நாளைக்கு நான் கோயலுக்கு வாரேனுங்க. சூடம் அணைக்கத்தான் போறேன். ஊர் நடுவுல கேட்டீங்க, ஊர் நடுவுலதான் நானும் சொல்லோணும். பூச்சி குத்துச்சுன்னு இந்த ஆசாரத்துல நாலு பேருக்குத் தெரிஞ்சா எனக்கு ஆச்சுங்களா?"

பாவாயம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குற்றம் போய்விட்டது, சத்தியம் போகவில்லை. குற்றமற்றவன் செய்கிற சத்தியமும் உறவை அறுக்கத்தான் செய்யும். கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். தடுக்க அவருக்கு வாயில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். யோசித்துச் செய்தேன் என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். யோசிக்கவே இல்லை. மௌனத்தை என்னால் தாங்க முடியாது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. "இதைத் தடுத்துவிடலாம், சுலபம்! இதன் புழு சீந்தில் கொடியில்தான் வளர்கிறது. நானே பிடித்தேன். கொடியை எடுத்துவிட்டால் பூச்சி குறையும்" என்று உற்சாகமாக அறிவித்தேன்.

"எங்க பிடிச்சீங்க?" என்றார் கவுண்டர்.

"அதோ, வேலியில். இட்டேரியோரம், நல்லமுத்து அண்ணன் தோட்டத்து வேலியில்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பாவாயம்மாள் சட்டென்று நிமிர்ந்தார்.

"அண்ணா, அந்த வேலி யாருது?"

"என்ற வேலிதான். எதுக்குக் கேக்கற?"

"மேல படர்ந்த கொடி?"

"வேலி என்றதுன்னா கொடியும் என்றதுதான்."

"அப்ப உன்ற கொடியைத் தின்னு உன்ற வேலியில வளந்தது மட்டும் ஆருது? எனக்குச் சேர்ந்த ஆளு அம்பு ஆடு மாடு எதுவும் செய்யலைன்னு நாளைக்குச் சூடத்து மேல எப்படி அடிப்பே? கருப்பணாரு கேக்க மாட்டாரா, நீ தீனி போட்டு வளத்தது நூறு பேரு ராத்திரியில வேலி தாண்டிப் போனாங்களே, அவங்கல்லாம் ஆருன்னு?"

நல்லமுத்து வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சுகிற மனிதர் என்பது அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. விஷயத்தை உண்மையாகவே எடை போட்டுப் பார்த்தார். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

"அது... வம்பாப் போச்சே," என்றார்.

முதலில் சிரித்தது கவுண்டர்தான். அந்த மனிதர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "நாந்தான் சொன்னனேங்க மச்சான், உங்க ஊட்டு ஆளுதான்னு! நீங்க நம்பலையே!"

நல்லமுத்துவும் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு யாரும் வெளியே நின்றுகொண்டிருக்க முடியாது போலிருக்கிறது. நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து பூச்சியைக் குனிந்து பார்த்தார். பாவாயம்மாள் அடுக்களைக்குள் போனார். மோர் கொண்டுவர இவ்வளவு நேரம் ஆகாதே என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மோர் ஏகத்துக்கு உப்பு. இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரார் கோயிலில் கூடினபோது, மச்சானும் மாப்பிள்ளையும் அரிவாளோடு வேலியில் சீந்திலை இழுத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் கவுண்டரே எல்லாவற்றையும் சொன்னார். தாம் ஊர் நடுவில் கேட்டது தப்பு என்பதையும் சேர்த்து, அதே பத்துப் பேர் காதில் விழும்படி. அதைச் சொல்ல எத்தனை மனசு வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வாத்தியார் வேலையை விட்டு ஆபீசில் பதினைந்து வருஷம் இருந்த பிறகு இப்போது புரிகிறது.

அடுத்த பருவத்துக்கு நான் குகையிலிருந்து தறிக்கழிவுத் துணி ஒரு மூட்டை கொண்டுபோனேன். காய் முற்றும்போது ஒவ்வொன்றுக்கும் சின்னப் பை மாட்டினோம். அரக்குக் கரையும் ஊதாக் கட்டமும் போட்ட சட்டை அணிந்துகொண்டு சாத்துக்குடிகள் தொங்கின. இட்டேரியில் போகிற வண்டிகள் நின்று பார்த்துவிட்டுப் போயின. ஆவணியில் பெண்ணுக்குக் காது குத்தினார்கள், மாமன் மடியில்தான். குழந்தையைவிட மாமன் அதிகம் அழுதார். கோயம்புத்தூரில் பூச்சி ஆராய்ச்சி செய்த ஓர் அதிகாரியிடம் பிறகு அந்தப் பூச்சியைக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் லத்தீனில் ஒரு பெயர் சொன்னார். உலகத்துக்கு அதை முன்னாலேயே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு வருத்தமே இல்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் ஏற்பட்டுவிட்டது: வாத்தியார் பூச்சி. வெளியே சருகாக இருக்கிறதாம், கிளறினால் விடாமல் படபடக்கிறதாம். பாவாயம்மாள் வைத்த பெயர் என்று நினைக்கிறேன். இருபது வயதுப் பையனை, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு கிறுக்கனை நம்பித் தன் பிறந்த வீட்டையே அவன் கையில் கொடுத்தவர். அதற்குமேல் எனக்கு யாரும் பட்டம் கொடுத்ததில்லை.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. இட்டேரி இல்லை, லாரி போகிற ரோடாகிவிட்டது. யுத்த காலத்தில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது சாத்துக்குடியை வெட்டிவிட்டுச் சோளம் போட்டார்களாம். இப்போது கடலை. சாளை இருந்த இடத்தில் ஆயில் எஞ்சின் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. கிளுவை வேலி முழுக்க அடுப்புக்குப் போய்விட்டது, முள்கம்பிதான். செங்கோடக் கவுண்டர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பாவாயம்மாள் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். எதையெல்லாமோ பேசிவிட்டு, கேட்க வேண்டுமென்று வந்ததைக் கேட்டேன்.

"நம்ம பூச்சி இப்போ வருதுங்களா?"

"அது எங்கீங்க வரும்? கொடியுமில்லீங்க, பழமுமில்லீங்க. அந்தப் பேரைச் சொன்னா என்ற பேரனுக்கே தெரியிலீங்க."

அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கூடவே, அன்று நிலைப்படிக்கு வெளியே நின்ற அதே குரல், கிழடு தட்டி.

"பாவாயி, வாத்தியாரு வந்திருக்கறாராமா? எலை போடு. எனக்கும் சேத்துப் போடு."